இன்னும் 39 மாதம்

டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். பாப்பாவிடமிருந்து போன். “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலை. முதல்ல அதைக் கேட்டுக்கோ. வண்டியை இடிச்சிட்டேன்.” அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் காதில் சரியாக ஏறவில்லை. நொய்டா லிங்க் ரோடு, மயூர் விஹார் எக்ஸ்டென்ஷன் மெட்ரோ நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்பது மட்டும் பிடிபட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு இ-ரிக்‌ஷா பிடித்து ஓடினேன்.

மெட்ரோ தூணின் ஓரமாக நின்றிருந்தது அவளுடைய வெள்ளை ஆல்டோ. பானெட் நடுவில் மடங்கிக் கூரை மாதிரி எழும்பியிருந்தது. வலது ஹெட்லைட் இருந்த இடத்தில் வெறும் ஒயர். கீழே கூலன்ட் ஒழுகி ரோட்டில் ஓடியிருந்தது. முன்னால் போன டெம்போவின் டிரைவர் தன் துண்டை வீசி மற்ற வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் டெம்போவுக்குக் கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்ததும், “பொண்ணு நல்லாயிருக்கு ஆன்ட்டி, வண்டி என்ன வண்டி” என்று இந்தியில் சொன்னார். அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பாப்பாவுக்கு 24 வயது. பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கிறாள். பட்பர்கஞ்ச் சொசைட்டிகளில் நாலு பேர், வசுந்தரா என்க்ளேவில் இரண்டு பேர், நொய்டாவில் மூன்று பேர். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் பை. அதைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவும் ஆட்டோவுமாக ஒரு வருஷம் அலைந்து, தன் சேமிப்பில் போன மார்ச்சில் இந்த வண்டியை வாங்கினாள். 2014 மார்ச்சில் பதிவான ஆல்டோ 800. எண் டிஎல் 7சி, அதாவது எங்கள் மயூர் விஹார் ஆர்டிஓவிலேயே பதிவானது. விலை ரூ.1,35,000. அவள் லைசென்ஸ் எடுத்தது அதற்கு ஒரு மாதம் முன்புதான்.

அன்று நடந்தது இதுதான். இடது பக்கம் ஒதுங்குவதற்காகக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நொடியில் முன்னால் போன டெம்போ பிரேக் போட்டுவிட்டது. இவள் வேகம் 25, 30 இருக்கலாம். முன்வண்டிக்கும் இவளுக்கும் இடையில் போதிய இடமில்லை. தப்பு அவளுடையது. அதை அவளே அன்றைக்கே சொல்லிவிட்டாள். சீட் பெல்ட் போட்டிருந்தாள். இடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டாள். இந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு பெரியது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கிரேனுக்கு ரூ.1,500 கொடுத்து வண்டியைச் சொசைட்டிக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். அதற்கப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது.

என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட்டார். “வித்துடலாம். பதினோரு வருஷ வண்டி. அதுக்கு மேல பணத்தைக் கொட்டாதே.” திருச்சியிலிருந்து என் தம்பி போனில், “அக்கா, அடிபட்ட வண்டியை வீட்டுல வெச்சுக்காதே. பாடி அடி வாங்கிடுச்சுன்னா ஆயுசுக்கும் அந்த வண்டி நேரா ஓடாது” என்றான். மாடி வீட்டு மலையாளி அங்கிள், “கம்பெனி வொர்க்‌ஷாப்பில் விடுங்கள், அவர்கள்தான் ஒழுங்காகச் செய்வார்கள்” என்றார். அங்கேயும் படம் எடுத்து அனுப்பினோம். முன்பக்கம் முழுக்கப் புதுச் சாமான், முழுக்கப் பெயின்ட், ரூ.74,000 என்று எஸ்டிமேட் வந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவர் இருக்கிற நிலையிலேயே ரூ.40,000 தருவதாகச் சொன்னார்.

பாப்பா எதுவும் பேசவில்லை. தினமும் காலையில் கீழே இறங்கி, வண்டிக் கவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.

எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “இன்சூரன்ஸ் இருக்குல்ல?” இருக்கிறது, தேர்டு பார்ட்டி மட்டும். 1000 சிசிக்குக் குறைவான காருக்கு அதன் அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு ரூ.2,094, மேலே ஜிஎஸ்டி. அது அந்த டெம்போவுக்கோ ரோட்டில் போகிறவருக்கோ நாம் இழைக்கும் சேதத்துக்கு. நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழு இன்சூரன்ஸ் எடுக்காமல் விட்டோமே என்று இரண்டு நாள் மனதைப் போட்டு உழப்பிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் பாதி கழிவு. கண்ணாடிக்குத்தான் கழிவு இல்லை. அதற்கும் மேல் சிறிய காருக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து ரூ.1,000. இன்னொன்றும் உண்டு. பழுதுபார்க்கும் செலவு, பாலிசியில் குறித்திருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிடுவார்கள். எங்கள் வண்டிக்கு மதிப்பு ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் 75,000 எல்லை. வந்த எஸ்டிமேட் 74,000. முழு இன்சூரன்ஸ் இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே கேள்வி முன்னால்தான் நின்றிருப்போம்.

டெல்லிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். திருச்சியில் 15 வருஷம் முடிந்த காரைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். இங்கே அப்படி இல்லை. டீசல் என்றால் பத்து வருஷம், பெட்ரோல் என்றால் பதினைந்து. பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடங்கி, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த ஏற்பாடு. 2025 ஜூலை 1 முதல் வயது முடிந்த வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருளே போடக் கூடாது என்று ஆரம்பித்து, சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17 அன்று, பாப்பா இடிப்பதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால், அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 என்ற புகைத் தரத்துக்கும் அதற்குப் பிந்திய தரத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்குத்தான் என்று திருத்தியது. டெல்லியில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 வந்துவிட்டதால் எங்கள் ஆல்டோ பிஎஸ்-4தான். குளிர்காலத்தில் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வரும்போதும் பிஎஸ்-3 பெட்ரோல் கார்களைத்தான் நிறுத்துவார்கள், இதை நிறுத்த மாட்டார்கள்.

நாளைக்கு என்ன தீர்ப்பு வரும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் தேதிதான் கையில் இருப்பது. 2029 மார்ச். ஜனவரியிலிருந்து எண்ணினால் 39 மாதம். “இந்த வண்டி எவ்வளவு பெறும்?” என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை நான் விட்டுவிட்டேன். இந்த 39 மாதத்தை ஓட்ட மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கம்பெனி எஸ்டிமேட்டின்படி மாதம் சுமார் ரூ.1,900. வண்டியை 40,000க்குக் கொடுத்துவிட்டு இதே மாதிரி இன்னொன்று வாங்கப் போனால் 1,40,000 சொல்கிறார்கள். கையிலிருந்து ஒரு லட்சம் போகும். அந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. இதில் தெரியும். ஒன்பது மாதத்தில் பேட்டரி, கிளட்ச், முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டிருக்கிறாள். போன பணத்துக்காக வண்டியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சாமான்கள் புதுசாக அதிலேயே இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திரிலோக்புரியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தோம். எல்லோரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். வந்ததும் உடைந்ததை அவர் பார்க்கவே இல்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து மூடினார். கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் இடையிலிருக்கும் சந்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. “அடி இதுவரைக்கும் வரலை” என்றார். பிறகு பானெட்டைக் கம்பியால் நெம்பித் தூக்கி, ஒரு நூலை எடுத்தார். வலது ஷாக் அப்சார்பரின் தலையிலிருந்து இடது முன் மூலைக்கு நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை இடது தலையிலிருந்து வலது மூலைக்குக் குறுக்கே பிடித்தார். முடிச்சு கட்டை விரல் நகம் அளவு தள்ளி நின்றது. மூலை மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது, அது ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம், இழுத்தால் வந்துவிடும் என்றார்.

அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டார். “பேட்டா, கையை உள்ளே விடு.” சக்கரத்துக்கு மேலே, இன்ஜினின் பக்கவாட்டில் முன்னோக்கிப் போகும் கனமான இரும்பு. சேஸிஸ் என்கிறார்கள். அதன் மேல் அவள் விரல்களை வைத்து மெதுவாக நகர்த்தச் சொன்னார். “துணி சுருங்கின மாதிரி எங்கேயாவது தட்டுதா?” அவள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். நோயாளியின் முதுகெலும்பைத் தடவிப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. “இல்லை, வழவழன்னு இருக்கு” என்றாள். “பெயின்ட் வெடிச்சிருக்கா?” “இல்லை.” உஸ்தாத் தலையை ஆட்டினார். அங்கே சுருக்கம் இருந்திருந்தால் நானே வண்டியை விற்கச் சொல்லியிருப்பேன் என்றார். அந்த இரும்புதான் அடியை வாங்கி மடங்கி ஆளைக் காப்பாற்றுவது. ஒருமுறை மடங்கியதைச் சுத்தியால் தட்டி நேராக்கிப் பட்டி பூசி மறைத்துவிடலாம், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் அடுத்த அடியை அது பழையபடி தாங்காது.

இவ்வளவு கோரமாகத் தெரியும் வண்டியில் சேஸிஸ் எப்படித் தப்பியது என்று கேட்டேன். டெம்போவின் பின்பக்கத்து இரும்புச் சட்டம் உயரமானது. ஆல்டோவின் மூக்கு அதன் அடியில் நுழைந்துவிட்டது. அடி சேஸிஸுக்கு மேலே, பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர் இருக்கும் உயரத்தில் விழுந்தது. பார்வைக்குப் பெரிய சேதம், உள்ளே சிறிய சேதம். சில நேரம் இதற்கு நேர்மாறாகவும் இருக்கும், பம்பர் மட்டும் நசுங்கி உள்ளே எல்லாம் போயிருக்கும் என்றார். அதனால்தான் அவர் முதலில் கதவைப் பார்த்திருக்கிறார்.

கடைசியாக ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். ஆயில் நிறத்திலேயே இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்குமாம். ரேடியேட்டர் உடைந்தபின் வீடுவரை ஓட்டிவிடலாம் என்று கிளம்பியிருந்தால் இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், பிறகு பேசுவதற்கே ஒன்றுமில்லை என்றார். பாப்பா இடித்த இடத்திலேயே சாவியைத் திருப்பி அணைத்தது அப்படித்தான் இன்ஜினைக் காப்பாற்றியது.

எல்லாவற்றையும் செய்ய ரூ.38,000 சொன்னார். பாப்பா அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். இந்த வீட்டில் யாருக்கும் தோன்றாத கேள்வி. “இதுல எதெல்லாம் செய்யலைன்னா நான் ஓட்டக் கூடாது?” அவர் கொஞ்சம் யோசித்து விரல் விட்டு எண்ணினார். ரேடியேட்டர் புதுசு, ஃபேன், அந்தச் சட்டத்தை இழுத்து நேராக்குவது, வலது ஹெட்லைட், இரண்டு விளக்கின் வெளிச்சமும் ரோட்டில் சரியாக விழும்படி திருப்புவது, வீல் அலைன்மென்ட். பானெட்டை மாயாபுரி பழைய சாமான் சந்தையில் வாங்கலாம். ஆனால் பானெட் லாக் மட்டும் புதுசு. அதில் அவர் இறங்கி வரவே இல்லை. பழைய லாக் ஓட்டத்தில் திறந்துகொண்டு பானெட் கண்ணாடியில் வந்து அடித்தால் டிரைவருக்கு ரோடு தெரியாது. ஏசி கண்டன்சரை மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம், இந்தக் குளிரில் யார் ஏசி போடப் போகிறார்கள். பம்பருக்குப் புதுசு வேண்டாம், தைத்துவிடலாம். மொத்தம் ரூ.21,500. மாதக் கணக்கில் 550, கண்டன்சரையும் சேர்த்தால் 700க்குள்.

ஆனால் என் கணவர் அன்று இரவு சொன்ன ஒன்று பணக் கணக்கைவிடக் கனமானது. “சேஸிஸ் நல்லாயிருக்குன்னே வெச்சுக்கோ. அந்த வண்டியில ஏர்பேக் இல்லை. அதை மறந்துட்டியா?” மறக்கவில்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதில் ஆல்டோ 800ம் ஒன்று. டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்ற விதி 2019 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்திய மலிவு வண்டியை வாங்குகிற எந்தக் குடும்பமும் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எத்தனை ரூபாய் செலவழித்தாலும் ரிப்பேர் செய்து கொண்டுவர முடியாத பாதுகாப்பு இது.

அன்று நாங்கள் மூவரும் வெகுநேரம் பேசினோம். இன்னொரு பழைய வண்டி, அதே விலையில் வாங்கினாலும் இதே நிலைதான். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள வண்டிக்கு இப்போது அவளிடம் பணம் இல்லை, எங்களிடம் வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. அவள் போகும் இடங்கள் எல்லாம் ஏழெட்டு கிலோமீட்டருக்குள். வேகம் நாற்பதைத் தாண்டாத ரோடுகள். கடைசியில் அவள் ஒரு வாக்கு கொடுத்தாள். யமுனா எக்ஸ்பிரஸ்வே, நொய்டா - கிரேட்டர் நொய்டா எக்ஸ்பிரஸ்வே இரண்டிலும் இந்த வண்டி ஏறாது. 2029இல் வாங்கும் வண்டியில் நிறம் எதுவாக இருந்தாலும் ஏர்பேக் இருக்கும். என் கணவருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் சரி என்றார்.

“முதல் வண்டின்னு பாசம் வெக்காதே” என்றும் சொன்னார். அதற்கு அவள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். 1983 டிசம்பர் 14 அன்று, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர், முதல் மாருதி 800இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியின் கையிலிருந்து வாங்கும் படம். விலை ரூ.50,000ஐ ஒட்டி. குலுக்கலில் கிடைத்த வண்டி. எண் டிஐஏ 6479. 2010இல் இறக்கும்வரை அவர் அந்த வண்டியை விற்கவில்லை. அதற்கப்புறம் அது வீட்டருகே வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு மாருதி நிறுவனமே எடுத்து முழுக்கப் புதுப்பித்துத் தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. என் கணவருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. நானோ வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன். அந்த வண்டி ஞாபகத்துக்காகப் புதுப்பிக்கப்பட்டது, அங்கே செலவைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. இவளுடையது திங்கட்கிழமை காலை முட்டி வலிக்காரர் வீட்டுக்குப் போவதற்கான வண்டி. ஒன்றின் நியாயத்தை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. அவளிடமும் அதைச் சொன்னேன். “தெரியும்மா. பாசத்துக்குன்னா பெயின்ட் அடிக்கச் சொல்லியிருப்பேன்” என்றாள்.

வண்டி நிற்கும் நாட்கள் கூடக்கூட எனக்கு வேறொரு பயமும் இருந்தது. எங்கள் சொசைட்டியிலேயே ஒரு பெண்மணி, சின்ன இடிக்குப் பிறகு ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்று நிறுத்தியவர், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. பாப்பாவிடம் இதைச் சொன்னபோது, எலும்பு கூடின பிறகும் காலை ஊன்றப் பயப்படுகிறவர்களைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னாள். அவர்களிடம் என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை உஸ்தாதுக்கு அவளே போன் செய்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். பணமும் அவளுடையது, ஓட்டப் போவதும் அவள்.

மாயாபுரியிலிருந்து வந்த பானெட் சாம்பல் நிறம். அதை மட்டும் வெள்ளை அடித்தார்கள், கொஞ்சம் பளிச்சென்று தனியாகத் தெரிகிறது. பம்பரின் வலது ஓரத்தில் மெல்லிய கம்பியால் போட்ட பதினோரு தையல். பாப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, தையல் நேராக இருக்கிறது என்றாள். ரேடியேட்டரின் பில்லை ஆர்சி புத்தகத்தோடு கவரில் வைத்தாள். கழற்றின பழைய சாமான்களை உஸ்தாத் காட்டினார், அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவரிடமே விட்டுவிட்டாள்.

ஜனவரி 9, வெள்ளிக்கிழமை. வசுந்தரா என்க்ளேவ் பாட்டிக்கு முட்டிச் சிகிச்சை. நானும் வருகிறேன் என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். மெஷின் பை என் மடியில். அதே நொய்டா லிங்க் ரோடு, தலைக்கு மேலே மெட்ரோ. எக்ஸ்டென்ஷன் நிலையம் வருவதற்கு முன்னால் அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கியது எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் போன பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் ஓர் ஆட்டோ வந்து நுழைந்தது. அவள் காலை எடுத்து வேகத்தைக் குறைத்து, ஆட்டோவுக்குப் பின்னால் மறுபடி இடம் விட்டாள். ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. மறுபடி குறைத்தாள். பின்னாலிருந்து ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். கண்ணாடியில் அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஸ்கூட்டருக்குப் பின்னால் இன்னொரு முறை இடம் விட்டாள்.